அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்து

சவீனோ கேட்டது இரண்டே பக்கம். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறைக்கு என் கணவர் கானியோவின் பெயரை வைக்கப்போகிறார்கள். அன்றைக்கு ஒரு சிறு புத்தகமும் வெளியிடுகிறார்கள். அதில் மனைவி எழுதியது ஒன்று இருந்தால் நன்றாக இருக்குமாம்.

எனக்கு எண்பத்தொரு வயது. முப்பத்தாறு வருடம் நர்ஸ் வேலை பார்த்தேன். நான் எழுதியதெல்லாம் சூடு, நாடி, எத்தனை தரம் வாந்தி என்பதுதான். அதைச் சொன்னேன்.

"மத்தவங்க எழுதினதைப் படிச்சுப் பாருங்க சிஞோரா, தானா வரும்" என்று ஒரு கட்டுக் காகிதத்தை மேசைமேல் வைத்தான். கூடவே அழைப்பிதழின் மாதிரி ஒன்று. அதில் என் பெயர் இன்கொரொனாத்தா என்று நீளமாக அச்சாகியிருந்தது.

"யாருடா இது? கோரான்னு போடு."

"பள்ளிக்கூடத்துல ரெஜிஸ்டர்ல இருக்கற பேருதான் போடணுமாம். நான் என்ன பண்றது?"

"என்னை யாருக்கும் அடையாளம் தெரியாது."

"மேடையில கறுப்புக் கோட்டு போட்டு முறைச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்களே, அது போதும்" என்றான்.

சவீனோ குழாய் வேலைக்காரன். அறுபது வயதாகிறது. என் கணவரிடம் லத்தீனும் கிரேக்கமும் படித்து, இரண்டு வருடம் தொடர்ந்து ஃபெயிலாகி, அப்பாவின் குழாய்க் கடைக்கே திரும்பியவன். ஆனாலும் அவரை விடவில்லை. எங்கள் வீட்டில் எந்தக் குழாய் ஒழுகினாலும் ஓடி வருவான். "புரொபசர் சொல்லிக் குடுத்ததுதான். முதல்ல வாலைப் பாரு. எல்லாரும் குழாயைத் திறந்து பாப்பாங்க, நான் தண்ணி எங்க போய் விழுதுன்னு பாப்பேன்" என்பான்.

அவன் போனதும் அந்தக் கட்டை ஒரே மத்தியானத்தில் படித்து முடித்தேன். முப்பத்தொரு பேர் எழுதியிருந்தார்கள். அதில் பதினேழு பேருக்கு என் கணவர் இரண்டாவது தந்தை. ஒரு பல் டாக்டருக்கு அவர் விளக்கு. ஒருத்தி, வாழ்க்கையில் தன்னை முதன்முதலாகக் காது கொடுத்துக் கேட்ட மனிதர் அவர்தான் என்று எழுதியிருக்கிறாள். கேட்டிருப்பார். அவள் அங்கே பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நான் இங்கே சூப்பை இரண்டாம் தரம் சூடு பண்ணிக்கொண்டிருந்திருப்பேன்.

ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கவாதம் வந்து பேச்சு போனபிறகு கானியோ இரண்டு வருடமும் இரண்டு மாதமும் உயிரோடு இருந்தார். அந்த நாட்களில் அவர் வாயிலிருந்து வந்த பெயர் ஒன்றே ஒன்றுதான். அது என் பெயர் இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு மாணவியின் பெயர். அவரைக் குளிப்பாட்டியது நான், ஊட்டியது நான், புரட்டிப் போட்டது நான். கூப்பிட்டது அவளை. நெஞ்சில் இதை வைத்துக்கொண்டு இரண்டு பக்கம் இனிப்பாக எழுத என்னால் முடியாது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கானியோ லவுரீத்தா, ரயில்வே கேட் காவல்காரர் ஒருவரின் மகன். பிறந்தது எங்கள் பொத்தென்சா நகருக்குக் கீழே, பஸ் போகாத ஓர் ஊரில். அந்தக் காலத்தில் லத்தீனும் சோறும் சேர்ந்து கிடைத்த ஒரே இடம் பாதிரிகளின் பள்ளி. அங்கே ஒன்பது வருடம் இருந்தார். பாதிரியாக வேண்டிய நேரம் வந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "சாமி மேல கோபமா?" என்று ஒருமுறை கேட்டேன். "இல்லை, சமையல்காரன் மேல" என்றார்.

வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டு எங்கள் வார்டுக்கு வந்தபோதுதான் அவரை முதலில் பார்த்தேன். எழுத முடியவில்லை. பரீட்சை மதிப்பெண்களைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டுமாம். "சிஸ்டர், நான் சொல்றேன், நீங்க எழுதறீங்களா?" என்று கேட்டார். அவருக்காக நான் எழுதிய முதல் கடிதம் இருபத்து நான்கு மாணவர்களின் பெயர். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

கல்யாணமாயிற்று. குழந்தை பிறக்கவில்லை. எனக்குத்தான் பிறக்கவில்லை. அவருக்கு வருடத்துக்கு இருபத்தைந்து பேர் புதிதாக வந்துகொண்டிருந்தார்கள்.

என் பெயரை எங்கள் வீட்டில் சின்ன வயதிலேயே நறுக்கிவிட்டார்கள். இன்கொரொனாத்தா என்பதில் தலையும் வேண்டாம், வாலும் வேண்டாம் என்று நடுவிலிருந்து கோரா என்று எடுத்துக்கொண்டார்கள். ஊரும் அப்படியே கூப்பிட்டது, ஆஸ்பத்திரியும் அப்படியே. கானியோவுக்கு அது பிடிக்கவில்லை. "மீனை வாங்கி நடுத்துண்டை மட்டும் வெச்சுக்கிட்ட மாதிரி இருக்கு" என்பார். பிறகு அவரும் கோராவுக்குப் பழகிவிட்டார். முழுப்பெயரை அவர் சொல்லி நான் கேட்டது இரண்டே தடவை. ஒன்று, கோவிலில் மோதிரம் மாற்றியபோது.

இன்னொன்று நிலநடுக்கத்தன்று. எண்பதாம் வருடம் நவம்பர், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நான் மூன்றாம் மாடியில் யூனிபாரத்துக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அவர் கீழே காப்பிக் கடையில். வீடு குலுங்கி நின்றதும் சந்திலிருந்து ஒரு குரல், "இன்கொரொனாத்தா! இன்கொரொனாத்தா!" என்று. ஜன்னலில் தலையை நீட்டி, "என்ன, சர்ச்சுல கல்யாண ஓலை வாசிக்கற மாதிரி கத்தற? இஸ்திரிப்பெட்டியை அணைச்சுட்டு வரேன்" என்றேன். கீழே போனால் காப்பிக் கோப்பையைக் கையில் பிடித்தபடியே நின்றிருந்தார். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். பதினொரு நாள் வீட்டுக்கு வரவில்லை.

பள்ளிக்கூடத்தின் சுவர் பிளந்துவிட்டது. ஸ்டேஷனில் வீடிழந்தவர்களுக்கு ரயில் பெட்டிகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். அதில் ஒரு பெட்டியில் கானியோ வகுப்பு நடத்தினார். கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு, இரண்டாம் வகுப்பு இருக்கைகளில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து படித்தார்களாம். முப்பத்தொரு பேரில் பன்னிரண்டு பேர் இந்த ரயில் பெட்டியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள். அந்த ரயில் எங்கும் போகாமலே எங்களை எங்கெங்கோ கொண்டுபோனது என்று ஒருவன். அப்போது அவர் மனைவி எங்கே இருந்தாள் என்று ஒருவனும் எழுதவில்லை. சொல்கிறேன். அவள் ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் ஒரு கிழவருக்குக் காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் சொல்லிக் கொடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். லத்தீனில் ஒரு சொல்லின் தலை பொருளை மட்டும்தான் சொல்லுமாம். யார் செய்தது, யாருக்குச் செய்தது, யாருடையது என்பதெல்லாம் வாலில்தான் இருக்குமாம். பிள்ளைகள் தலையைப் பார்த்ததும் அகராதியைப் புரட்டுவார்கள். இவர் பிரம்பால் மேசையைத் தட்டி, "முதல்ல வாலைப் பாரு!" என்பார். பள்ளியில் அவருக்கு வால் என்றே பெயர். எங்கள் ஊரில் ஒருவரைக் கூப்பிடும்போது பெயரின் கடைசி அசையை விழுங்கிவிடுவார்கள். "ப்ரொஃபெஸோ!" என்று யாராவது தெருவில் கத்தினால் திரும்பவே மாட்டார். "வாலோட கூப்பிடு, வரேன்" என்பார்.

பழுப்பு அட்டை போட்ட லத்தீன் அகராதி ஒன்று வைத்திருந்தார். செங்கல் கனம். எந்தச் சொல்லில் எந்த மாணவன் தடுக்கி விழுந்தானோ, அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஓரத்தில் பென்சிலால் அவன் பெயரையும் வருடத்தையும் எழுதிவைப்பார். அடுத்த வாரம் அதையே கேட்பார். இப்படி முப்பத்தைந்து வருடம். பொறாமைப்படுவது என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மட்டும் பதினான்கு பெயர்கள் இருக்கின்றன. நாங்கள் பேசும் இத்தாலியனில் ஒருவரை 'ஐ' போட்டுப் பொறாமைப்படுவோம். லத்தீனில் 'கு' போட வேண்டுமாம், அவருக்கு ஏதோ கொடுப்பதைப் போல. எல்லாப் பிள்ளையும் அங்கே விழும்.

அவர் செத்தபிறகு அந்த அகராதியை நான் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். காலையில் மாத்திரை போட்டதும் பத்துப் பக்கம். ஏழு மாதம் ஆயிற்று. சவீனோவின் பெயர் நூற்றுக்கும் மேல். தொனாத்தா தெலெஸ்காவின் பெயர் ஒன்பது. என் பெயர் இல்லை. இருக்காது என்று தெரியும். படித்தால்தானே தப்பு விட முடியும். இருந்தும் கடைசிப் பக்கத்தை மூடியபோது கோபமாகத்தான் இருந்தது.

தொனாத்தாதான் அந்த மாணவி. சவீனோவோடு ஒரே வகுப்பு. ரயில் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள். இப்போது பொலோஞ்ஞாவில் புரொபசர். எலி தின்ற பழைய ஏடுகளைப் படித்துப் புத்தகமாக்குவது அவள் வேலை. வியாழக்கிழமைகளில் பழைய மாணவர்கள் எங்கள் வீட்டுக்கு வருவது வழக்கமாகிவிட்டது. எங்கள் ஊரில் வியாழன் என்றால் உருளைக்கிழங்கு உருண்டை. காலை ஷிஃப்ட் முடிந்து, வீங்கின காலோடு வந்து, எட்டுப் பேருக்கு நான் உருட்டுவேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும். லத்தீனில் ஏதாவது நையாண்டியாக இருக்கும். தட்டை வைக்கப் போகும்போது, "என்ன சிரிப்பு?" என்று கேட்பேன். "சொன்னா சிரிப்பு வராது கோரா" என்பார் கானியோ.

தொனாத்தா மட்டும் எழுந்து சமையலறைக்கு வருவாள். தட்டுக் கழுவ வருகிறேன் என்பாள். எனக்கு அதுவும் பிடிக்காது.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். "எலி ஒரு எழுத்தைத் தின்னுடுச்சுன்னு வைங்க சிஞோரா. அது என்ன எழுத்தா இருக்கும்னு நான் ஊகிச்சு எழுதுவேன். ஆனா அடைப்புக்குறிக்குள்ள போடணும். அப்பதான் பின்னாடி படிக்கறவனுக்கு, இது ஏட்டுல இல்லை, இவளா போட்டதுன்னு தெரியும்."

"எங்க வார்டுலயும் உண்டு" என்றேன் நான். "நோயாளி சொன்னது சரியா கேக்கலைன்னா அடைப்புக்குறிக்குள்ள எழுதணும்."

கானியோ சிரித்தார். "பாரு, ரெண்டு பேரும் ஒரே தொழில்" என்றார். நான் உப்பு எடுத்து வர எழுந்து போனேன்.

பக்கவாதம் வந்தது பிப்ரவரியில், காலைக் காப்பி நேரத்தில். கோப்பை சரிந்தது. வாய் ஒரு பக்கம் இறங்கியதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. "ரெண்டு கையையும் தூக்கு" என்றேன். ஒன்றுதான் எழும்பியது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, மணியைக் குறித்துக்கொண்டு, அவர் செருப்பைக் கழற்றினேன். அழவெல்லாம் நேரமில்லை.

உயிர் பிழைத்தார். பேச்சு போயிற்று. பேச்சுப் பயிற்சிக்கு வந்த பையன் இரண்டு மாதம் பார்த்துவிட்டுச் சொன்னான், "சிஞோரா, சொல்லோட ஆரம்பம் அவருக்கு வரமாட்டேங்குது. முடிவு மட்டும் வருது."

எனக்குச் சிரிப்பு வந்தது. "அவரு வாழ்க்கை பூரா அதைத்தானே கேட்டாரு" என்றேன். பையனுக்குப் புரியவில்லை.

நான் ஒரு நோட்டு போட்டேன். வார்டில் போடுவதைப் போலவே நேரம், சாப்பாடு, நாடி, பேச்சு. தண்ணீருக்கு 'ணீர்', ரொட்டிக்கு 'ட்டி', ஜன்னலுக்கு 'ன்னல்'. எந்த வால் எந்தத் தலைக்கு உரியது என்று ஒரு மாதத்தில் எனக்கு அத்துப்படி. எங்கள் வீட்டில் பேச்சு நடந்துகொண்டுதான் இருந்தது.

வியாழக்கிழமைக் கூட்டம் இதைக் கண்டுபிடித்ததும் விளையாட்டாக்கிவிட்டது. அவர் நாற்காலியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு ரோஜா என்பதன் லத்தீன் தலையை மட்டும் சவீனோ சொல்வான், "ரொஸ்..." "...ஆரும்!" என்று கானியோ வாலைப் போடுவார். பள்ளியில் எத்தனை ஆயிரம் தடவை ஒப்பித்தது. தடங்கலே இல்லாமல் வரும். அவர்கள் தலை, இவர் வால். கைதட்டுவார்கள். அவர் முகத்தில் பாதிதான் சிரிக்கும், அந்தப் பாதி முழுதாகச் சிரிக்கும். நான் கதவருகே துண்டோடு நின்று பார்ப்பேன். என்னிடம் 'ட்டி', 'ணீர்'. அவர்களோடு சேர்ந்தால் முழு மனிதர்.

ஒரு வியாழக்கிழமை பொலோஞ்ஞாவிலிருந்து தொனாத்தா வந்தாள். நாலு மணி நேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை, நான் சமையலறையில் சிவப்பு மிளகாய் வற்றலை எண்ணெயில் பொரித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து உரத்த குரல்.

"...ஒனாத்தா!"

ஓடினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்தே மறுபடி சொன்னார், "...ஒனாத்தா."

"அவ போயிட்டா. காலை ரயில்ல போயிட்டா. நான் கோரா."

தலையை ஆட்டினார், இல்லை இல்லை என்பதைப் போல. கண்ணில் தண்ணீர். துடைத்துவிட்டு, மருந்து கொடுத்தேன். சமையலறையில் மிளகாய் கருகி வீடெல்லாம் புகை. நோட்டில் எழுதினேன்: '11.10. (த்)ஒனாத்தா. அழுகை. நாடி 92.'

அதன்பிறகு அடிக்கடி. வாரத்துக்கு இரண்டு, மூன்று. ஊசி போடும்போது, குளிப்பாட்டும்போது, இடி இடித்தால். ஒவ்வொரு தடவையும் நான் சொன்ன பதில் ஒன்றுதான், "அவ இல்லை. நான் கோரா." தொனாத்தா வந்திருக்கும் வியாழக்கிழமைகளில் மட்டும் சமையலறையை விட்டு வரமாட்டேன், அவள்தான் பக்கத்தில் இருக்கிறாளே. ஒவ்வொரு தடவையும் நோட்டில் எழுதினேன். மூளையில் அடிபட்டவர்கள் மனைவியைத் தங்கை பெயரால் கூப்பிடுவார்கள், மகனை நாய் பெயரால் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை மனைவிகளுக்கு நானே சொல்லித் தேற்றியிருக்கிறேன். வார்டில் அது வேலை செய்தது. வீட்டில் செய்யவில்லை.

கடைசியாக அவர் அதைச் சொன்னது சாவதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை. என் முகத்தைப் பார்த்து, மெதுவாக, "...ஒனாத்தா."

"வியாழக்கிழமை வருவா" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்பது வருடம் ஆகிவிட்டது. விழாவுக்கு இரண்டு வாரம் முன்னால், வியாழனன்று, சவீனோ தொனாத்தாவை அழைத்துக்கொண்டு வந்தான். ஊர் மேட்டுக்கு ஏறும் மின்படிக்கட்டு பழுதாம், அத்தனை படியும் ஏறி இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. தொனாத்தாவின் தலை நரைத்திருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது எனக்கு.

"அந்த அகராதியைப் பள்ளிக்கூடத்துக்குக் குடுப்பீங்களா சிஞோரா? வகுப்பறை வாசல்ல கண்ணாடிப் பெட்டியில வைக்கலாம்" என்று கேட்டாள்.

"கண்ணாடிப் பெட்டியில செத்த புனிதரைத்தான் வைப்பாங்க. குடுக்கமாட்டேன்."

"நான் சொன்னேன்ல?" என்றான் சவீனோ அவளிடம். "இரும்புக் குழாயைக் கூட வளைச்சுடலாம்."

"வாயை மூடிக்கிட்டு உருளைக்கிழங்கை உரி."

தொனாத்தாவும் ஓர் உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள், "கடைசி ரெண்டு வருஷத்தைப் பத்திப் புத்தகத்துல யாருமே எழுதலை. அவர் பேசினதையெல்லாம் நீங்க நோட்டுல எழுதி வெச்சிருக்கீங்கன்னு சவீனோ சொன்னான். நான் பாக்கலாமா?"

நான் நல்லெண்ணத்தோடு அந்த நோட்டை எடுக்கவில்லை. எனக்கு அவள் என்ன செய்தாள் என்பதை அவளே படிக்கட்டும் என்றுதான் எடுத்தேன். மேசைமேல் போட்டு, "படி. உன் பேருதான் பூரா இருக்கும்" என்றேன்.

மாவைப் பிசைந்துகொண்டே அவள் முகத்தைப் பார்த்தேன். வெட்கப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்தாள். எலி தின்ற ஏட்டை அப்படித்தான் படிப்பாள் போலிருக்கிறது. கடைசிப் பக்கம் வரை போனதும்தான் நிமிர்ந்தாள்.

"சிஞோரா, இந்த 'த்' ஏன் அடைப்புக்குறிக்குள்ள இருக்கு?"

"சரியா கேக்கலை. அதான்."

"ஒருதரம் கூடவா கேக்கலை?"

"உருட்டிச் சொல்வாரு. கேக்காது."

"இருநூறு தரம் எழுதியிருக்கீங்க. இருநூறுலயும் அடைப்புக்குறி." பக்கத்தைத் திருப்பினாள். "'ணீர்'. 'ட்டி'. 'ன்னல்'. 'ற்காலி'. இந்த நோட்டு முழுக்க ஒரு சொல்லுக்காவது அவருக்குத் தலை வந்திருக்கா?"

"இல்லை."

"அப்ப என் பேருக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

நான் பிசைவதை நிறுத்தினேன். கையில் மாவு.

சவீனோ உருளைக்கிழங்கைக் கீழே வைத்தான். "முதல்ல வாலைப் பாரு" என்று பழக்கதோஷத்தில் முணுமுணுத்தான். அவன் கொண்டுவந்து போட்ட அழைப்பிதழ் மாதிரி இன்னும் மேசையில்தான் கிடந்தது. தொனாத்தா அதை இழுத்து, நோட்டுக்குப் பக்கத்தில் வைத்து, விரலால் என் பெயரின் முன்பாதியை மறைத்தாள்.

இன்கொர் போயிற்று. மிச்சம் இருந்தது ஒனாத்தா.

"அடப்பாவி" என்றான் சவீனோ. யாரைச் சொன்னான் என்று தெரியவில்லை.

"எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள் தொனாத்தா. "உங்களுக்கும் தெரியும்னு நெனச்சேன். வியாழக்கிழமை நான் எதிர்ல உக்காந்திருப்பேன், அவர் கண்ணு சமையலறைக் கதவுமேலயே இருக்கும். கூப்பிடறது அந்தப் பக்கம் பாத்துத்தான். நான் ராத்திரி பூரா ரயில்ல வந்திருப்பேன், சிஞோரா. ஒருதரம் என் பக்கம் திரும்பிச் சொல்லமாட்டாரான்னு எவ்வளவு எரிஞ்சிருக்கும் எனக்கு? அந்த ஒரு 'த்' எனக்குக் கெடைக்காதான்னு இருந்தேன். அதை நீங்க எனக்குக் குடுத்து வெச்சிருக்கீங்க, இருநூறு தரம்."

தண்ணீர் கொதித்தது. எழுந்து போய் உருண்டைகளைப் போட்டேன். அது ஒன்றுதான் அப்போது செய்யத் தெரிந்தது. என் பெயரின் வால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. எழுபது வருடம் நடுத்துண்டோடு வாழ்ந்தவளுக்கு எப்படித் தெரியும்? ஆனால் அது சாக்குத்தான். பயந்தால் அவர் என்னை எப்படிக் கூப்பிடுவார் என்று சந்தில் நின்று கத்தினபோதே கேட்டிருக்கிறேன். அவருக்குத் தலை போட ஆள் வேண்டியிருந்தது. ரோஜாவுக்குச் சவீனோ போட்டான். எனக்கு நான் போட வேண்டியதைத் தப்பாகப் போட்டேன். இருநூறு தடவை என் முகத்தைப் பார்த்து என்னைக் கூப்பிட்ட மனிதரிடம், அவள் இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அன்றைக்கு உருண்டையில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது.

"கடல்ல விழுந்த மாதிரி இருக்கு" என்றான் சவீனோ.

"சாப்பிடு."

சாப்பிட்டான். தொனாத்தாவும் தட்டைக் காலி பண்ணினாள், தண்ணீரைக் குடித்துக் குடித்து.

பிறகு நான் பேனாவை எடுத்து நோட்டைத் திறந்தேன், அந்த 'த்'தை அடிக்கலாம் என்று. தொனாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை எனக்கு அது அவ்வளவு எரிச்சலாக இல்லை.

"அடிக்காதீங்க சிஞோரா. நாங்க எழுதினதை அழிக்கமாட்டோம். ஓரத்துல எழுதுவோம்."

"தெரியும். அவரோட நாப்பத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன்."

பேனாவை வைத்துவிட்டு, அகராதிக்குள் அவர் செருகிவைத்திருந்த பென்சிலை எடுத்தேன். முனை மழுங்கியிருந்தது. சமையல் கத்தியால் சீவினேன். 11.10, நாடி 92 என்ற வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், அவர் எழுதுவதைப் போலவே தடுக்கி விழுந்தவளின் பெயரையும் வருடத்தையும் எழுதினேன்: 'இன்கொரொனாத்தா, 2012.' ஒரு இடத்தில் போதும். இருநூறு இடத்தில் எழுத எனக்குப் பொறுமை இல்லை.

அகராதியை விழாவன்று ஒரு நாளைக்கு மட்டும் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் திரும்பி வந்துவிட வேண்டும். கண்டுபிடித்தது அவள்தான் என்பது இன்னும் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது. அதையும் நானே கண்டுபிடித்திருக்கக் கூடாதா?

இரண்டு பக்கம் கேட்டான் சவீனோ. இது தாண்டிவிட்டது. அச்சில் இடம் போதாவிட்டால் முன்னாலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளட்டும். வாலில் கை வைக்கக் கூடாது.